குதிரைக்கு உங்கள தெரியணும்னா: லாயத்துக்குப் புதுசா போறவங்களுக்கு

முதல் நாள் நான் பண்ணுன காரியத்த மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா புதுசா வர்றவங்க முக்காவாசி பேர் அதையேதான் பண்றாங்க. கோயம்புத்தூர் பக்கம் ஒரு லாயத்துல ரைடிங் கத்துக்கலாம்னு சேந்தேன், அங்க மல்லின்னு ஒரு வெள்ளைக் குதிரை, பாக்கவே அவ்ளோ சாதுவா நின்னுட்டு இருந்துச்சு. நான் நேரா அது மூஞ்சிக்கு முன்னாடி போயி நின்னு, சினிமால வர்ற மாதிரி நெத்தியத் தடவலாம்னு கைய நீட்டினேன். தலைய விருட்டுன்னு தூக்குச்சு பாருங்க, அதோட மூக்கெலும்பு என் தாடைல அடிச்சு ரெண்டு நாளைக்கு முறுக்கு கடிக்க முடியல. அங்க குதிரை பாத்துக்கற அண்ணன் சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "அம்மணி, அதுக்கு நெத்திக்கு முன்னாடி கண்ணு தெரியாது, திடீர்னு எங்கிருந்தோ ஒரு கை வந்தா நீங்களா இருந்தாலும் தலைய இழுக்கத்தான செய்வீங்க"ன்னார்.

அதுக்கப்பறம் நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்கு நான் கேட்டுக்கு வெளிய வண்டிய நிறுத்திட்டு கூப்பிட்டா மல்லி காது திரும்பும். இது ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்னு நெனச்சுக்காதீங்க, இதுக்குப் பின்னாடி இருக்கறது கண்ணு, காது, மூக்கு, தோலு, அப்பறம் நல்லா வேலை செய்யற ஞாபகசக்தி, அவ்ளோதான். குதிரை நம்ம மூஞ்சி, குரலு, வாசம், அன்னிக்கு நம்ம மூடு எப்படி இருந்துச்சு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி "இது இந்த ஆளு"ன்னு வச்சுக்குது. அதனால புதுசா போறவங்க வேலை குதிரைய வசியம் பண்றது இல்ல, தினமும் அதே மூட்டையா போயி நிக்கறது. அத எப்படிப் பண்றதுன்னு நான் கத்துக்கிட்ட வரிசைலயே எழுதறேன்.

வீட்லேந்து கெளம்பறதுக்கு முன்னாடி

பெர்ஃப்யூம் வேண்டாம். வாசமான பாடி ஸ்ப்ரே, சானிடைசர், மல்லிகைப்பூ கூட முதல் ரெண்டு வாரத்துக்கு வேண்டாம். பூ வச்சுக்கிட்டா குதிரை கடிச்சுடும்னு இல்ல (ஆனா ஒரு தடவ அதுவும் நடந்துச்சு, மல்லி என் பின்னாடி நின்னு பூவ முழுசா தின்னுட்டா). விஷயம் என்னன்னா குதிரையால வாயால மூச்சு விட முடியாது, எல்லாம் மூக்கு வழியாத்தான், அதனால நம்ம பக்கத்துல நிக்கற ஒவ்வொரு மூச்சுலயும் நம்ம வாசம் அதுக்குள்ள போயிட்டே இருக்கு. இன்னிக்கு ஒரு சென்ட், நாளைக்கு இன்னொண்ணுன்னு போனா நம்ம சொந்த வாசத்து மேல தினம் ஒரு புதுப் போர்வை போத்தற மாதிரி.

துப்பட்டா பறக்கக்கூடாது, வேட்டி கட்டிட்டுப் போனா மடிச்சுக் கட்டிக்கங்க, கைல பிளாஸ்டிக் கவர் சரசரன்னு இருக்கக்கூடாது. நல்லா மூடுன ஷூ போட்டுக்கங்க, குளம்பு கால்மேல ஏறுனா செருப்பு எதுக்கும் உதவாது. டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப நாளாச்சுன்னா போட்டுக்கங்க. ஹெல்மெட் பத்தி நான் சொல்லணும்னு இல்ல.

கலர் பத்தி எல்லாரும் கேப்பாங்க, செவப்பு சட்டை போட்டா வெறி வருமான்னு. வராது. குதிரைக்கு நம்மள மாதிரி மூணு வகை நிறம் புடிக்கற செல்லு கண்ணுல கெடையாது, ரெண்டுதான். நீலமும் மஞ்சளும் நல்லா தெரியும், செவப்பும் பச்சையும் அதுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. இங்கிலாந்துல தடை தாண்டற ரேஸ்ல தடுப்புங்க மேல ரொம்ப காலமா ஆரஞ்சு கலர் அடிச்சு வச்சிருந்தாங்க, அப்பறம் எக்ஸிட்டர் யுனிவர்சிட்டி ஆளுங்க குதிரைக் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பின்னாடி இருக்கற புல்லோட கலந்து போகுதுன்னு சொன்னதுக்கப்பறம்தான் 2022லேந்து வெள்ளைக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. ஜாக்கி கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியுதேன்னு அடிச்ச பெயிண்ட்டு, தாண்டப் போறவனுக்கே தெரியல!

எங்க நிக்கறது, எப்படி கிட்ட போறது

இதுதான் முக்கியமான ஸ்டெப், இத சரியா பண்ணிட்டா மத்ததெல்லாம் தானா வரும். குதிரையோட கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, நிலத்துல வாழற பாலூட்டிங்கள்ல ரொம்பப் பெரிய கண்ணு இருக்கறதுல அதுவும் ஒண்ணு. சுத்தி கிட்டத்தட்ட 350 டிகிரி பாத்துடும். ஆனா ரெண்டு எடத்துல இருட்டு: நேர் பின்னாடி வாலுக்குப் பின்னாடி, அப்பறம் நெத்திக்கு நேர் முன்னாடி கிட்டத்துலயும் மூக்குக்குக் கீழயும். அதாவது நாம ஆசையா தடவப் போற எடமும், தெரியாம குறுக்க நடந்து போற எடமும்தான் அது பாக்காத எடம்.

அதனால தோளப் பாத்து, சாய்வா, பக்கவாட்டுல போங்க. பொதுவா இடது பக்கம், ஏன்னா பெரும்பாலான குதிரைய அந்தப் பக்கத்துலேந்து பழக்கியிருப்பாங்க. நாலஞ்சு அடி தள்ளியே நின்னுடுங்க. உத்துப் பாக்காதீங்க, தோள கொஞ்சம் தளர்த்தி விடுங்க, மூச்ச நல்லா வெளிய விடுங்க. அது தலைய தூக்குனா இல்ல எறக்குனா "அய்யோ பயப்படுது"ன்னு ஒடனே முடிவு பண்ணாதீங்க, அதோட கண்ணுக்குள்ள கூர்மையா தெரியற பகுதி ஒரு படுக்கைப் பட்டை மாதிரி இருக்கு, தலைய அசைச்சு நம்மள அந்தப் பட்டைக்குள்ள கொண்டு வந்து பாக்குது. வெயில்லேந்து இருட்டு லாயத்துக்குள்ள வந்த ஒடனே அதுக்கு கண்ணு பழக நம்மளவிட நேரம் ஆகும், அந்த நேரத்துல போயி அறிமுகம் ஆகாதீங்க.

பின்னாடி போகணும்னா ரெண்டே வழிதான். ஒண்ணு, நல்லா தள்ளி, ஒரு ஜீப்பு போற அளவுக்கு எடம் விட்டு சுத்திப் போங்க. இல்லைன்னா அது மேல கை வச்சபடியே, பேசிட்டே, ஒட்டுனாப்பல போங்க. நடுத்தரமா ரெண்டு மூணு அடி தள்ளிப் போறதுதான் ஒதை நல்லா விழற தூரம்.

இடது கண்ணுல பாத்தத வலது கண்ணுக்குத் தெரியாதுன்னு ஒரு பழைய நம்பிக்கை குதிரைக்காரங்ககிட்ட இன்னும் இருக்கு. அது தப்பு, ஒரு கண்ணுல கத்துக்கிட்டது இன்னொரு கண்ணுக்கும் போகுதுன்னு சோதிச்சுப் பாத்தாச்சு. ஆனா அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரே பொருள வேற கோணத்துல பாத்தா அதுக்கு சட்டுன்னு புடிபடறதில்ல. போகும்போது பாத்து பழகுன அதே பாறைய திரும்பி வரும்போது பாத்து மெரளும். அதனால நீங்களும் ஒரு வாரம் இடது பக்கமே நின்னு பழகிட்டு, அப்பறம் வலது பக்கமும் தினம் கொஞ்ச நேரம் நில்லுங்க. எல்லாப் பக்கத்துலேந்தும் நீங்க நீங்கதான்னு அது பாத்து வச்சுக்கட்டும்.

குரல் முதல்ல, ஆளு அப்பறம்

ஒரு வார்த்தைய தேர்ந்தெடுத்துக்கங்க. நான் "மல்லிக்கண்ணு" ன்னு இழுத்து சொல்வேன், அண்ணன் வெறும் "ஹோ...ய்"னு தொண்டைலேந்து ஒரு சத்தம் விடுவார். என்ன வார்த்தைங்கறது முக்கியம் இல்ல, தினமும் அதே வார்த்தை, அதே ராகம். லாயத்துக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி, அது கண்ணுல படறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஏன்னா குதிரை குரலையும் ஆளையும் சேத்து வச்சு சரிபாக்குது. இங்கிலாந்துல சஸெக்ஸ் யுனிவர்சிட்டில இதுக்கு அழகா ஒரு சோதனை பண்ணாங்க, 2012ல அத வெளியிட்டாங்க. குதிரைக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் ஒவ்வொருத்தர நிக்க வச்சிட்டு, நடுவுல ஸ்பீக்கர்ல ஒருத்தர் குரல மட்டும் போட்டாங்க. குதிரை யாரோட குரல் வந்துச்சோ அந்த ஆள சீக்கிரமாவும் அதிக நேரமும் திரும்பிப் பாத்துச்சு. அதாவது "தெரிஞ்ச மனுஷன்" னு பொத்தாம்பொதுவா இல்ல, இந்தக் குரல் இந்த ஆளோடதுன்னு தனித்தனியா வச்சிருக்கு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி அதே குழு, குதிரைங்க தங்களுக்குள்ள ஒண்ணையொண்ணு இப்படித்தான் கண்டுபிடிக்குதுன்னும் காட்டிருந்தாங்க. கூட்டத்துல இருக்கற சொந்தக்காரங்கள எப்படி அடையாளம் வைக்குதோ அப்படித்தான் நம்மளையும் வச்சிருக்கு, யோசிச்சா கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதே இல்ல. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், அதுக்கு 33,500 வரைக்கும் கேக்கும், நம்ம காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தமெல்லாம் அதுக்கு எட்டும். ஆனா சத்தம் துல்லியமா எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுல நம்ம அளவுக்குக் கெட்டி இல்ல, அதான் ஒரு சத்தம் கேட்டா தலைய தூக்கி கண்ணால தேடும். அதனால பேசிட்டே நடங்க, ஒரே ஒரு தடவ கத்திட்டு சும்மா இருக்காதீங்க.

காதப் பாக்கப் பழகுங்க. காது எந்தப் பக்கமோ கவனம் அந்தப் பக்கம். ஒரு காது உங்க பக்கம் திரும்புச்சுன்னா நீங்க லிஸ்ட்ல இருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டும் பின்னாடி படிஞ்சு தலையோட ஒட்டிடுச்சுன்னா அன்னிக்கு கெளம்பிடுங்க. மார்வாரின்னு ராஜஸ்தான் பக்கத்துக் குதிரை இனம் ஒண்ணு இருக்கு, அதுக்கு காது நுனி உள்பக்கம் வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடற மாதிரி இருக்கும், முதல் தடவ பாக்கறவங்களுக்கு கொஞ்சம் கொழப்பும், நுனிய விட்டுட்டு காதோட அடிப்பக்கம் எங்க திரும்பியிருக்குன்னு பாருங்க.

கொஞ்சறது வெட்கமா இருக்குன்னு நெனக்கறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கொழந்தைங்ககிட்ட பேசற மாதிரி இழுத்து ராகமா பேசுனா குதிரை அதிகம் கவனிக்குதுன்னு ஃப்ரான்ஸ்ல பாத்திருக்காங்க. நம்ம ஊர் பாட்டிங்க மாட்டுகிட்ட "ஏங் கண்ணு, ஏஞ் சாமி" ன்னு பேசறதுக்கு யாரும் ஆராய்ச்சி சர்டிஃபிகேட் கேட்டதில்ல.

மூக்குக்கு குடுக்க வேண்டிய மரியாதை

இப்ப கைய நீட்டலாம். விரல மடிச்சு, பொறங்கைய, அது மூக்குக்கு ஒரு சாண் கீழ பக்கவாட்டுல வச்சிட்டு அசையாம நில்லுங்க. மீதி தூரத்த அதுவே வரணும். வரலைன்னா கை எறங்கிடட்டும், நாளைக்கு பாத்துக்கலாம். இந்த ஒரு விஷயத்துல பொறுமை இல்லாம நீங்களே கைய மூக்குல கொண்டு போயி தேச்சீங்கன்னா முன்னாடி நின்னதுக்கெல்லாம் அர்த்தம் இல்லாம போயிடும்.

சில சமயம் மோந்து பாத்துட்டு தலைய தூக்கி மேலுதட்ட சுருட்டிக்கிட்டு பல்லக் காட்டும். சிரிக்குதுன்னு ஃபோட்டோ எடுப்பாங்க. சிரிப்பு இல்ல அது, வாசத்த உள்ள இழுத்து மூக்குக்குள்ள இருக்கற தனி உறுப்புக்கு அனுப்புது, நாம புதுக் காப்பித்தூள் பாக்கெட்ட பிரிச்சதும் கண்ண மூடி இழுக்கற மாதிரின்னு வச்சுக்கங்க.

இங்க ஒரு சங்கடமான விஷயமும் இருக்கு. பயமுறுத்தற வீடியோ பாத்தவங்க வியர்வையயும் சந்தோஷமான வீடியோ பாத்தவங்க வியர்வையயும் பஞ்சுல எடுத்து குதிரைங்களுக்கு மோந்து பாக்கக் குடுத்திருக்காங்க, ரெண்டும் வேற வேறன்னு அதுக்குத் தெரியுது. அதனால "நான் பயப்படவே இல்ல"ன்னு அதுகிட்ட நடிச்சு பிரயோஜனம் இல்ல. பயமா இருந்தா தள்ளி நில்லுங்க, பயம் கொறஞ்சதும் போங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

தொடறது

தட்டாதீங்க. நாய்க்கு தட்டற மாதிரி, டிவில ஜெயிச்ச குதிரைய ஜாக்கி பளார் பளார்னு தட்டற மாதிரி தட்டறது அதுக்கு சொகம்னு யாரும் நிரூபிச்சதில்ல. ஒரு ஈ உக்காந்தா அந்த எடத்துத் தோல மட்டும் துடிக்க வச்சு வெரட்டற உடம்பு அது, அவ்ளோ நுணுக்கமான தோல்ல ஓங்கி அறைஞ்சா எப்படி இருக்கும்? பிடரி முடியற எடத்துல, கழுத்தும் முதுகும் சேர்ற மேட்டுல, விரல் நுனியால சொறிஞ்சு விடுங்க. குதிரைங்க ரெண்டு ஒண்ணுக்கொண்ணு பல்லால சொறிஞ்சுக்கறது அந்த எடத்துலதான். ஃப்ரான்ஸ்ல கமார்க் பக்கத்துக் குதிரைங்ககிட்ட 1993லயே அளந்து பாத்திருக்காங்க, அங்க சொறிஞ்சா இதயத்துடிப்பு கொறையுது. சரியான எடம் கெடச்சிடுச்சுன்னா மேலுதடு நீண்டு கோணும், கண்ணு சொருகும். மல்லிக்கு அந்த எடம் இடது பக்கம் ஒரு கை அகலம் கீழ, கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

மூக்கு, தாடை, கண்ணச் சுத்தி இருக்கற நீள மீசை முடிய கத்தரிக்காதீங்க, யாராச்சும் அழகுக்குன்னு கத்தரிக்கச் சொன்னாலும். மூக்குக்குக் கீழ கண்ணு தெரியாத எடத்துல அதுக்கு அந்த முடிதான் கண்ணு. சர்வதேச குதிரையேற்ற சம்மேளனமே 2021 ஜூலைலேந்து தன்னோட போட்டிங்கள்ல அப்படி முடிய வழிச்சுவிட்ட குதிரைய சேத்துக்கறதில்ல.

உங்க மூஞ்சிய அது படிக்கும்

இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த பகுதி, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

2016ல அதே சஸெக்ஸ்ல 28 குதிரைங்களுக்கு முன்னாடி ஒரு மனுஷனோட பெரிய ஃபோட்டோவ காட்டுனாங்க, ஒண்ணுல சிரிக்கறார், இன்னொண்ணுல பல்லக் கடிச்சுட்டு மொறைக்கறார். மொறைக்கற ஃபோட்டோவ பாத்தப்ப குதிரைங்க தலைய திருப்பி இடது கண்ணால பாக்க ஆரம்பிச்சுச்சு, இதயத்துடிப்பும் சீக்கிரமா ஏறுச்சு. இடது கண்ணு பாக்கறது மூளையோட வலது பக்கத்துக்குப் போகுது, மெரட்டல், ஆபத்து மாதிரி சமாச்சாரத்த அதிகமா கவனிக்கறது அந்தப் பக்கம். அப்பறம் 2018ல இன்னும் ஒரு படி மேல போனாங்க: காலைல ஒருத்தரோட ஃபோட்டோ மட்டும், சில குதிரைக்கு சிரிக்கறது, சில குதிரைக்கு கோவமா இருக்கறது. அன்னிக்கே பல மணி நேரம் கழிச்சு அந்த ஆளே நேர்ல வந்து சும்மா எந்த உணர்ச்சியும் இல்லாம நின்னார், எந்தக் குதிரை எந்த ஃபோட்டோவ பாத்துச்சுன்னு அவருக்கே தெரியாது. கோவ ஃபோட்டோ பாத்ததுங்க அவர இடது கண்ணால பாத்துச்சுங்க. ஒரு ஃபோட்டோவ ரெண்டு நிமிஷம் பாத்ததுக்கே இப்படின்னா, டிராஃபிக்ல மாட்டி ஆஃபீஸ் கால்ல சண்ட போட்டு கடுகடுன்னு லாயத்துக்குள்ள வர்ற நம்ம மூஞ்சிய அது என்னன்னு எழுதி வச்சுக்கும்? நான் இப்பல்லாம் வண்டிய நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் வேப்பமரத்தடில சும்மா உக்காந்துட்டுதான் உள்ள போறேன்.

மூஞ்சி ஞாபகம் எவ்ளோ நாள் இருக்கும்? ஃப்ரான்ஸ்ல பொட்டைக் குதிரைங்களுக்கு டச் ஸ்க்ரீன மூக்கால தொட்டு ஃபோட்டோவ தேர்ந்தெடுக்கப் பழக்கி, 2020ல முடிவ சொன்னாங்க. தெரியாத மூஞ்சிக்கும் தங்கள பாத்துக்கிட்டவங்க மூஞ்சிக்கும் நடுவுல சரியா பிரிச்சுதுங்க, அதுல ஆறு மாசமா பாக்காத பழைய ஆளோட ஃபோட்டோவும் இருந்துச்சு, அதுலயும் தேறுச்சுங்க. வெறும் ஃபோட்டோ, வாசமும் இல்ல குரலும் இல்ல.

அப்பறம் பெர்லின் ஹான்ஸ் கதை. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனில வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன்னு ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தன் குதிரை ஹான்ஸ் கணக்கு போடும்னு ஊருக்கெல்லாம் காட்டுனார். ஏழும் அஞ்சும் எவ்ளோன்னு கேட்டா குளம்பால பன்னெண்டு தடவ தட்டும். ஏமாத்து வேலையான்னு ஒரு கமிட்டியே வந்து பாத்துட்டு தில்லுமுல்லு எதுவும் இல்லைன்னுட்டாங்க. 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்தான் கண்டுபிடிச்சார், கேள்வி கேக்கறவருக்கே விடை தெரியலைன்னா ஹான்ஸுக்கும் தெரியல, கேக்கறவர ஹான்ஸ் பாக்க முடியலைன்னாலும் தெரியல. சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்கறவங்க தலையும் ஒடம்பும் துளியூண்டு அசையும், அவங்களுக்கே அது தெரியாது, ஹான்ஸ் அதப் பாத்து தட்டறத நிறுத்திடும். ஹான்ஸுக்கு கணக்கு வரல, வாஸ்தவம்தான். ஆனா ஊர்ல இருந்த பேராசிரியருங்க யாருக்கும் தெரியாத ஒண்ண அது படிச்சிருக்கே, என்னக் கேட்டா அதுதான் பெரிய பாஸு.

நீங்க செய்ய வேண்டியது இவ்ளோதான்: மூச்ச புடிச்சு வச்சுக்காதீங்க. கயித்த இறுக்கிப் புடிக்காதீங்க, கைல சுத்தியும் கட்டிக்காதீங்க (அது விரலுக்கே ஆபத்து). ஸ்வீடன்ல ஒரு சோதனைல குதிரைய நடத்திட்டுப் போறவங்ககிட்ட "இந்த ரவுண்டுல ஒரு கொடைய படார்னு விரிப்போம்"னு சொல்லிட்டு விரிக்கவே இல்ல. ஆளுக்கு இதயத்துடிப்பு ஏறுச்சு, கூட நடந்த குதிரைக்கும் ஏறுச்சு, குதிரைக்கு யாரும் கொடையப் பத்தி சொல்லல. நம்ம ஊர்ல கொடைக்குப் பதிலா தெருநாயோ பட்டாசோன்னு வச்சுக்கங்க: தூரத்துல நாயப் பாத்ததும் நாம கயித்த இறுக்குவோம், குதிரை மெரளும், நாயப் பாத்து மெரண்டுச்சுன்னு சொல்லுவோம்.

தீனி குடுக்கறதப் பத்தி

ஆரம்பத்துலயே குடுக்காதீங்க. முதல் வாரம் கைல எதுவும் வேண்டாம். தீனி வாளியோட வர்றவங்கள எந்தக் குதிரையும் "தெரிஞ்சுக்கும்", அது உங்களயா வாளியயான்னு உங்களுக்குத் தெரியாது. நான் கேரட்டோட போன காலத்துல மல்லி என்ன கண்டதும் ஓடி வரும்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருந்தேன், ஒரு நாள் வெறுங்கையோட போனப்ப கைய மோந்துட்டு திரும்பி பொச்சக் காட்டிட்டு நின்னுச்சு. அண்ணன் அன்னிக்குத்தான் சிரிச்சார்.

அதுக்காக தீனியே கூடாதுன்னு இல்ல. சொன்னத செஞ்சதும் ஒரு துண்டு குடுத்துப் பழக்குன குதிரைங்க ஆறேழு மாசம் கழிச்சும் கத்துக்கிட்டத ஞாபகம் வச்சிருந்ததோட, மனுஷங்க பக்கத்துல அதிகமா வந்ததுன்னும் 2010ல ஃப்ரான்ஸ்ல பாத்தாங்க, தெரியாத ஆளுங்ககிட்ட கூட. ஒரு ஆள் நல்லா நடந்துக்கிட்டா அடுத்து வர்றவங்களுக்கும் அந்த நல்ல பேர் கெடைக்குது. அதனால குடுங்க, ஆனா ஏதாவது செஞ்சதுக்கு குடுங்க. கை விரிச்சு உள்ளங்கைல வச்சு, கட்டைவிரல ஒட்டி. கேரட்டு வட்ட வட்டமா நறுக்காதீங்க, தொண்டைல அடைக்கும், நீட்டவாக்குல கீறிக் குடுங்க. வெல்லம் ரொம்ப வேண்டாம், அதுவும் ஓனரக் கேக்காம எதுவுமே வேண்டாம்.

தெரியுதா இல்லையான்னு எப்படிப் பாக்கறது

ரெண்டு மூணு வாரம் இப்படிப் போனதுக்கப்பறம், அது உங்களப் பாக்க முடியாத எடத்துல நின்னு நீங்க கூப்பிடுங்க. அப்பறம் கூட வந்தவங்கள அதே வார்த்தைய சொல்லச் சொல்லுங்க. தீனி நேரமா இருக்கக்கூடாது. உங்க குரலுக்கு காது திரும்பறதும் தலை தூக்கறதும் வேகமா இருந்தா சரி. சில குதிரை வாய மூடிக்கிட்டே அடித்தொண்டைல "ஹ்ர்ர்ர்" ன்னு மெதுவா ஒரு சத்தம் விடும், கனைப்பு இல்ல, அதவிட ரொம்ப மெல்லிசு, குட்டி கிட்ட தாய் விடற சத்தம் அது. அது வந்துச்சுன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து சந்தோஷப்படலாம். வரலைன்னா தப்பா எடுத்துக்க வேண்டாம், எல்லாக் குதிரையும் வாயாடி இல்ல, மல்லி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் விட்டுச்சு.

ஏற்கனவே அடி வாங்கின குதிரையா இருந்தா இந்தக் கணக்கெல்லாம் மாறும். சவுக்கு வச்சிருந்தவர் தொப்பி போட்டிருந்தார்னா தொப்பி போட்ட எல்லாருமே அதுக்கு அவர்தான்னு நெனச்சு நடந்துக்கற குதிரைய நான் பாத்திருக்கேன். வாரக்கணக்கு இல்ல, மாசக்கணக்கு வச்சுக்கங்க, தொப்பிய வீட்லயே வச்சிட்டுப் போங்க.

லாயம் இல்ல, பத்து நிமிஷ சவாரிதான்னா

மெரினாலயோ ஊட்டி, கொடைக்கானல் ஏரிப்பக்கமோ பத்து நிமிஷம் ஏறப் போறவங்களுக்கு இவ்ளோ நேரம் கெடைக்காது. அந்தக் குதிரை ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்குது, உங்கள ஞாபகம் வச்சுக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஏறறதுக்கு முன்னாடி தோள் பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை பேசி பொறங்கைய மோந்து பாக்க விடுங்க, அர நிமிஷம் போதும். குதிரைக்காரர் அவசரப்படுத்துவார், பரவால்ல. கொழந்தைய ஏத்தறதா இருந்தா மொதல்ல கொழந்தையோட குரல அது கேக்கட்டும், பின்னாடிலேந்து தூக்கி திடீர்னு உக்கார வைக்காதீங்க. முதுகுல புண்ணோ கால்ல நொண்டலோ தெரிஞ்சா ஏறாதீங்க.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போறவங்க இன்னும் கவனமா இருக்கணும். மார்வாரியும், குஜராத் பக்கத்து இனமான கத்தியவாரியும் வரிசையா கட்டி நிக்கும், மேளச் சத்தம், கூட்டம், ஆயிரம் வாசம், ஒரு குதிரைக்கும் உங்களத் தெரியாது. சுழி பாக்கறேன், பல்லு பாக்கறேன்னு பெருசுங்க நேரா போயி வாயப் புடிப்பாங்க, அவங்களுக்கு அம்பது வருஷப் பழக்கம், அதப் பாத்து நீங்க பண்ணிடாதீங்க. கட்டிவச்ச குதிரைங்களுக்குப் பின்னாடி ஒரு சந்து மாதிரி வழி இருக்கும், கூட்டம் எல்லாம் அந்த வழியாத்தான் போகும். நீங்க சுத்தி முன்பக்கமா போங்க. ஓனர்கிட்ட "அண்ணா, தொடலாங்களா"ன்னு கேட்டுட்டு, அவர் கயித்தப் புடிச்சதும் தோள் பக்கம் போயி நில்லுங்க.